வின்செஸ்டருக்கு வார் தைக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அக்காள் வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார். 1970-களில் செய்த வின்செஸ்டர் 94 லீவர் துப்பாக்கி, அதாவது அடியில் இருக்கும் இரும்புப் பிடியை வீசித் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். தோள்வார் மாட்டுவதற்கு அதில் வளையமோ குமிழோ எதுவும் இல்லை. கட்டையில் துளை போட அவருக்கு மனம் வரவில்லை. நீங்கள் சிங்கப்பூரில், அங் மோ கியோ வீட்டில் தோல் தைப்பவர். டிசம்பரில் போகும்போது கையால் தைத்த வார் ஒன்றை அத்தானுக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள். எங்கே, எப்படி மாட்டினால் துப்பாக்கிக்கும் ஆளுக்கும் கேடு வராது என்பதுதான் கேள்வி.

நான் 1980-களில் தேசிய சேவை செய்தபோது ஆர்ம்ஸ்கோட்டில் இருந்தவன். அந்தச் சொல்லே பிரிட்டிஷ் இந்தியப் படையின் மிச்சம்; துப்பாக்கிகளைப் பூட்டி வைக்கும் அறை. அப்போது எங்கள் கையில் இருந்தது எம்16எஸ்1 படைத்துப்பாக்கி. பிறகு எண்ணெய்த் துரப்பண மேடை வேலையாக ஆறு வருடம் ஹூஸ்டனில் இருந்தேன். அமெரிக்காவில் தற்காலிக விசாவில் இருப்பவர் முறையான வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அதனால் டெக்சாஸின் வேட்டைக் கல்வி வகுப்பில் உட்கார்ந்து, உரிமம் எடுத்து, அதன் பிறகே பழைய வின்செஸ்டர் 94 ஒன்றை வாங்கினேன். நாடு திரும்பும்போது அங்கேயே விற்றுவிட்டேன். ஆகவே உங்கள் அத்தான் எந்தத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டுகிறாரோ அதே துப்பாக்கியோடு நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன், அதிலும் முதல் வருடம் தப்பாகவே.

வாரைப் பற்றி எல்லோரும் தோலா நைலானா, அகலமா ஒடுக்கமா என்று பேசுவார்கள். அதெல்லாம் இரண்டாவது. லீவர் துப்பாக்கியில் சிக்கல் வருவது, வார் எதிலிருந்து தொங்குகிறது என்பதில்தான்.

நம் ஊரில் தேசிய சேவைப் பையன்கள் தெக்கோங் தீவில் பழகும் சார்21 படைத்துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். வார் மாட்டுவதற்கென்று அதில் முன்னும் பின்னும் இடம் வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். நாம் யோசிக்க வேண்டியதே இல்லை. வின்செஸ்டர் 94 அப்படி இல்லை. ஜான் பிரவுனிங் 1894-இல் வடிவமைத்தது. குதிரைக்காரன் சேணத்தின் பக்கத்தில் தோல் உறையில் செருகி வைப்பான். அவனுக்கு வார் எதற்கு? தொடக்க காலத்துக் குட்டைத் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அதுவும் குதிரைமேல் இருப்பவனின் தேவைக்காக வந்ததுதான். தோளில் மாட்டிக்கொண்டு காட்டில் நடப்பவனை மனத்தில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

அதன் முன்பகுதியைப் பாருங்கள். மேலே மெல்லிய குழல். அதற்கு அடியில், ஏறக்குறைய ஒட்டினாற்போல, தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் இன்னொரு குழாய். இரண்டையும் பின்பாதியில் மெல்லிய முன்கட்டை அணைத்திருக்கிறது. இரண்டு இரும்புப் பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. தோட்டாக் குழாய் பார்க்க உறுதியாக இருந்தாலும் அது வெறும் தகட்டுக் குழாய். உள்ளே ஒரு நீண்ட சுருள்வில்லும், தோட்டாக்களைப் பின்னோக்கித் தள்ளும் சிறு கிண்ணமும் ஓட வேண்டும். குழாயில் ஓர் அரிசி அளவு நெளிவு விழுந்தாலும் அந்தக் கிண்ணம் அங்கேயே நின்றுவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நெளிவை உண்டாக்கியவனே நான்தான். கட்டையைத் துளைக்காமல் முன்பக்கம் மாட்டக் கடைகளில் ஒரு கிளாம்ப் கிடைக்கும். இரண்டு பாதியாகப் பிரியும் வளையம், தோட்டாக் குழாயைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும், அடியில் வாருக்கான குமிழ். நான் வாங்கியது இன்னொரு மாதிரிக்கு உரியது, ஒரு நூல் அளவு பெரியது. வழுக்கியது. வழுக்குகிறதே என்று திருகை இறுக்கினேன். மறுபடி வழுக்கியது, இன்னும் இறுக்கினேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கை, இறுக்கத்தான் தெரியும். நவம்பர் மாதம், விடியற்காலை, குளிரில் மரத்தடியில் உட்கார்ந்து தோட்டாக்களைப் பக்கவாட்டுக் கதவு வழியே ஒன்றொன்றாகத் தள்ளினேன். மூன்றாவது உள்ளே போக மறுத்தது. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. கிளாம்பைக் கழற்றியதும் குழாயில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அதைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை, குழாய்க்கு வாங்கினார்.

ஆகவே அத்தான் கிளாம்ப்தான் வேண்டும் என்றால், முதலில் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். 16 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், ஆனால் மாதிரிக்கு மாதிரி கொஞ்சம் மாறும்; அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கவிழ்த்தது. அதற்குச் சரியான கிளாம்பை வாங்கி, உள்ளே மெல்லிய தோல் துண்டையோ ரப்பர் நாடாவையோ வைத்துக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று மட்டும் திருக வேண்டும். குழலுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் சந்து மிகக் குறுகலானது. கிளாம்பின் தடிமன் அந்தச் சந்தில் ஆப்பு போல இறங்கிக் குழலை மேலே தள்ளக் கூடாது. தள்ளினால் குறி மாறும். இன்னொன்று, குமிழ் முன்கட்டையை ஒட்டியே இருந்தால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்க, அந்தக் குமிழ் நேராக இடக்கை விரலில் வந்து மோதும். இரண்டு மூன்று அங்குலம் முன்னால் தள்ளி வைப்பது நல்லது. மாட்டிய பிறகு போலித் தோட்டாக்களை, அதாவது மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை, குழாய் நிறையப் போட்டு லீவரை அடித்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிட்டால் மரத்தடியில் நகம் வெளுக்காது.

முன்பட்டையின் திருகைக் கழற்றி அந்த இடத்தில் வளையத்துடன் கூடிய திருகு போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தத் திருகு குழலுக்கும் குழாய்க்கும் நடுவே, அதற்காக வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. பள்ளம் ஒரு மயிரிழை நேராக இல்லாவிட்டாலும் மரை அழியும். பழைய துப்பாக்கியில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நான் இரண்டாவது வருடம் எல்லா இரும்பையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தோலுக்கு வந்தேன். நீங்கள் தைப்பவர் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முன்பக்கம் குழலையும் தோட்டாக் குழாயையும் சேர்த்துச் சுற்றும் ஒரு தோல் சுருக்கு. குழாயை மட்டும் கவ்வாமல் இரண்டையும் சேர்த்து அணைப்பதால் நெளியும் பயம் இல்லை. அதை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அழகாக இருக்கிறது என்று நுனிப்பட்டைக்குச் சற்றுப் பின்னால் கட்டுவார்கள். வாரை இழுக்கும்போது முன்சுருக்கு எந்தப் பக்கம் நகரும்? பின்னோக்கி. அங்கே வழவழப்பான குழலைத் தவிரத் தடுக்க எதுவும் இல்லை. கால் மணி நேரம் நடந்தால் சுருக்கு கீழே சறுக்கி வந்து நிற்கும். அதற்குப் பதில் முன்கட்டை முடியும் இடத்துக்கு நேர் முன்னால் கட்டினால் கட்டையே தடுப்பாக நிற்கும். இழுப்பும் குழலின் நுனியில் விழாது. இதில் ஒரே குறை, துப்பாக்கி தோளில் ஒரு சாண் உயரமாக நிற்கும். குழலின் நுனி தலைக்கு மேலே போய்க் கிளைகளில் தட்டும். டெக்சாஸின் ஓக் மரங்கள் தாழ்வானவை, எனக்கு நாலைந்து முறை தொப்பி பறிபோனது. இருந்தாலும் சறுக்கும் சுருக்கைவிட அதை ஏற்றுக்கொள்ளலாம்.

சுருக்கின் முடிச்சோ தையல் தடிப்போ மேல்பக்கம் வரக் கூடாது. பின்குறியிலிருந்து முன்குறிக்குப் போகும் பார்வை குழலுக்கு மிக அருகில்தான் ஓடுகிறது. மூன்றரை மில்லிமீட்டர்த் தோலை இரண்டு மடிப்பாக்கி மேலே முடிச்சுப் போட்டால் முன்குறி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மேலே ஒற்றைத் தோல், அதையும் ஓரம் சீவி மெலிதாக்கியது. தடிப்பெல்லாம் அடியிலோ இடப்பக்கத்திலோ.

பின்பக்கம் இன்னும் சுவாரசியமானது. சாதாரணமாகக் கட்டையைச் சுற்றிக் கயிறு கோர்த்துக் கட்டும் ஒரு தோல் கச்சையைச் செய்து அதில் வளையம் தைப்பார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் கட்டையின் வடிவத்தைக் கவனியுங்கள்: தோளில் படும் முனை அகலம், கைப்பிடியை நோக்கிப் போகப் போக ஒடுக்கம். வார் இழுப்பது ஒடுக்கத்தை நோக்கி. எனவே கச்சை ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நழுவும். நழுவ நழுவத் தளரும், இடுப்பு சிறுத்தவனின் சாரம் போல. மறுபடி இறுக்கிக் கட்டினால் மறுபடி நழுவும். உள்பக்கம் மெத்தென்ற சூவேட் தோல் ஒட்டினால் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் மழை பெய்து நனைந்தால் அதுவும் கை விரித்துவிடும்.

நான் கடைசியில் செய்தது கச்சை இல்லை, செருப்புக்கு அடியிருப்பது போல அடியுள்ள ஒரு பாதம். கட்டையின் பின்முனையை முழுதாக மூடி, பக்கங்களில் ஏழெட்டு விரற்கடை ஏறி, அடியில் கயிறு கோர்த்தது. பின்முனையே மூடியிருப்பதால் முன்னே நழுவ வழியே இல்லை. இதனால் கட்டையின் நீளம் தோலின் தடிமன் அளவு கூடும். 94-இன் கட்டை பொதுவாகக் குட்டை, அதனால் சராசரி உயரமுள்ளவருக்கு அது இடைஞ்சலாகத் தெரியாது. அத்தான் குள்ளமானவர் என்றால் முதலில் ஓர் அட்டையை வைத்துத் தோளில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வளையத்தைப் பாதத்தின் இடப்பக்கத்தில் தைக்க வேண்டும். ஏன் இடப்பக்கம் என்பதைக் கீழே சொல்கிறேன். உருவத்துக்கு அளவெடுக்க, ரொட்டி சுடும் தாளைக் கட்டையில் சுற்றி விளிம்புகளைப் பென்சிலால் தேய்த்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலிருந்து நீங்கள் வார்ப்பு வெட்டிவிடலாம்.

வார் நீளத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். விடுமுறைக்கு யீஷூனில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஒரு துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகப் பாவித்து, பனியன் போட்ட தோளில் வைத்து அளந்து தைத்தேன். கச்சிதமாக இருந்தது. டெக்சாஸ் திரும்பி, பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தோளில் ஏற்றினால் அக்குளில் சிக்கி நிற்கிறது. நம் ஊர் வெயிலில் அளந்து அவர்கள் ஊர்க் குளிரில் மாட்டக் கூடாது. அத்தானைக் குளிர்கால உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு கயிற்றால் அளக்கச் சொல்லுங்கள். அதன் மேல் இரண்டு பக்கமும் ஒரு சாண் நீள மாற்றத்துக்குத் துளைகள் வையுங்கள்.

அகலம்: வளையங்கள் பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கோ ஒன்றேகால் அங்குலத்துக்கோ செய்தவை. முனைகளை அதற்கேற்ப ஒடுக்கி, தோளில் படும் இடத்தை மட்டும் இரண்டங்குலமாக்கலாம். கோயில் ஊர்வலத்தில் தவிலைத் தோளில் சுமந்து வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள், ஒடுக்கமான நாடா என்ன செய்யும் என்று. 94 சுமார் மூன்று கிலோதான், தவிலைவிட மிக லேசு, சார்21-ஐவிடவும் லேசு. ஆனாலும் நாள் முழுவதும் மூன்று கிலோ மூன்று கிலோவாகவே இருப்பதில்லை.

இப்போது லீவர். பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் துப்பாக்கியில் அடியில் தொங்கும் வார் யாருக்கும் தொந்தரவில்லை. லீவர் துப்பாக்கியில், கைப்பிடிக்கு அடியிலிருந்து ஓர் இரும்பு வளையம் கீழே இறங்கி முன்னே வீசித் திரும்பவும் மேலே வந்து கட்டையோடு ஒட்ட வேண்டும். அந்தப் பாதையில்தான் தளர்ந்த வார் தொங்கும். மூடும்போது தோல் நடுவில் மாட்டிக்கொண்டால் லீவர் முழுதாக மூடாது. 94-இல் லீவரைக் கட்டையோடு அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். அதற்கென்று ஒரு தடுப்பு இருக்கிறது. ஆகவே வார் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் சுடாது, மான் உங்களைப் பார்த்துவிட்டு நிதானமாக நடந்து போகும். அதைவிட மோசமானது, வாரின் தொங்கும் நுனியோ நாடாவோ விசைக் காப்புக்குள் நுழைவது. வெட்டி விட்ட நுனி ஒன்றும் தொங்கக் கூடாது, எல்லா நுனிகளையும் வளையத்துக்குள் மடக்கித் தைத்துவிடுங்கள்.

வளையத்தை இடப்பக்கம் வைக்கச் சொன்னது இதனால்தான். முன்னும் பின்னும் இடப்பக்கத்திலிருந்து தொங்கினால் வார் லீவரின் வழியை விட்டு விலகியே நிற்கும். தோட்டா போடும் கதவு வலப்பக்கம், அதற்கும் இடைஞ்சல் இல்லை. முதுகில் படும்போது துப்பாக்கி தட்டையாகவும் கிடக்கும். பழைய குதிரைக்காரர்களின் வளையமும் இடப்பக்கம்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள், அவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. அத்தான் இடதுகைக்காரர் என்றால் இதையெல்லாம் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்தான் எனக்கு அதிகக் கவலை. 1970-களின் 94-இல் பொத்தானாக இருக்கும் பக்கவாட்டுப் பூட்டு கிடையாது. அது பிற்காலத்து ஏற்பாடு. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தும் பாதிச் சுத்தியல் என்ற இடைநிலை மட்டும் உண்டு. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கும்போது வார் சுத்தியலின் காதில் மாட்டிக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் தோளில் வார் இருக்கும்போது குழலின் பின்முனையில் உள்ள வெடியறையில் தோட்டா இருக்கக் கூடாது. குழாயில் இருக்கட்டும், நின்று, இறக்கி, குறிபார்க்கும் இடத்துக்கு வந்தபின் லீவரை ஒரு முறை அடித்தால் போதும். லீவர் துப்பாக்கியின் வசதியே அந்த வேகம்தான். எங்களுக்கு வகுப்பெடுத்த முதியவர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார்.

வார் மாட்டும் வேலைக்கு முன் துப்பாக்கியைக் காலி செய்வதைப் பற்றியும் ஒரு வரி. குழாயுள்ள துப்பாக்கியில் வெடியறையை மட்டும் பார்த்துவிட்டுக் காலி என்று முடிவு செய்யக் கூடாது. இனி எந்தத் தோட்டாவும் வெளியே வரவில்லை என்று ஆகும்வரை லீவரை அடிக்க வேண்டும். பிறகு வெடியறையிலும், தோட்டாவை மேலே ஏற்றும் தூக்கியிலும் விரலை விட்டுத் தடவ வேண்டும். பக்கவாட்டுக் கதவை அழுத்தி உள்ளே தெரிவது தோட்டாவின் பித்தளையா கிண்ணத்தின் இரும்பா என்று பார்க்க வேண்டும். கண்ணைவிட விரலை நம்பலாம்.

துளை போடுவதே மேல் என்று அத்தான் பிறகு மனம் மாறினால் அதுவும் குற்றமில்லை. வின்செஸ்டர் தயாரிப்பு முறையை மாற்றிய 1964-க்கு முந்திய துப்பாக்கியாக இருந்தால் நான் தடுத்திருப்பேன், சேகரிப்பவர்கள் ஒரு துளைக்கு விலையைக் குறைப்பார்கள். எழுபதுகளின் துப்பாக்கிக்கு அந்தக் கவலை குறைவு. பின்குமிழ் கட்டையின் அடியில், நடுக்கோட்டில், பின்தகட்டிலிருந்து இரண்டரை மூன்று அங்குலம் முன்னால். அதைவிடப் பின்னால் போனால் பின்தகட்டைப் பிடிக்கும் திருகோடு மோதும். மேலே ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, துரப்பண முனையில் ஆழத்துக்கு அடையாளமாக இன்னொரு நாடாவைச் சுற்றி, மேல்பரப்புக்குச் செங்குத்தாகத் துளைக்க வேண்டும். தண்டு உட்காரும் மேல்பகுதிக்குப் பெரிய முனை, மரை கவ்வும் உள்பகுதிக்குச் சிறிய முனை. ஒரே அளவில் துளைத்து முறுக்கினால் காய்ந்த வால்நட் மரம் நூல் பிடித்தாற்போல் பிளக்கும். திருகில் மெழுகோ சோப்போ தடவிக்கொள்ள வேண்டும். முன்கட்டையில் மட்டும் துளையே வேண்டாம். அங்கே மரம் மெல்லியது, அதற்கு நேர் உள்ளே தோட்டாக் குழாய்.

வாரைக் கையில் சுற்றி இறுக்கி நடுக்கமில்லாமல் குறிபார்க்கும் பழக்கம் நம் பையன்கள் சிலருக்கு உண்டு. அதை இங்கே விட்டுவிட வேண்டும். எம்16எஸ்1-இன் மெல்லிய குழலிலேயே வாரை இறுக்கி இழுத்தால் குண்டு விழும் இடம் மாறும். 94-இல் வார் குழலிலேயே கட்டியிருக்கிறது. இழுக்கும் ஒவ்வொரு முறையும் குழலைக் கொஞ்சம் வளைக்கிறோம். இது சுமக்கும் வார், சுடும் வார் இல்லை. மாட்டிய பிறகு ஒரு முறை சுடுதளத்துக்குப் போய், வாருடன் ஐந்து, வாரில்லாமல் ஐந்து என்று ஒரே தாளில் சுட்டுப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.

வேறு லீவர் துப்பாக்கிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மார்லின் 336 பலவற்றில் ஆலையிலேயே குமிழ்கள் வந்துவிடும். தைத்து மாட்டுவதோடு சரி. இன்றைய ஹென்றி துப்பாக்கிகளில் பல, குழாயின் முன்முனையிலிருந்து உள்குழாயை உருவித் தோட்டா போடுபவை. வெளிக்குழாயில் வெட்டியிருக்கும் வாயை மறைத்துக் கட்டிவிடக் கூடாது. 1860-ஆம் ஆண்டின் அசல் ஹென்றியின் நகலாக இருந்தால் குழலைச் சுற்றி எதையுமே கட்டக் கூடாது, அதன் தள்ளுகட்டை அடியில் வெளியே தெரியும்படி ஒரு பிளவில் ஓடும். வின்செஸ்டர் 1895 தனி வகை: குழாய் இல்லை, பெட்டித் தோட்டா அறை. முதல் உலகப் போரில் ரஷ்யா அதை ஏறத்தாழ மூன்று லட்சம் வாங்கியது, வார் வளையத்தோடேயே. காலாட்படைக்காரன் நடக்கிறவன் அல்லவா.

தோலைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்று. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பின் நீலப்பூச்சு அதற்கடியில் துருப்பிடிக்கும். வேட்டை முடிந்ததும் முன்சுருக்கைக் கழற்றி, குழலை எண்ணெய்த் துணியால் துடைத்து, துப்பாக்கியைத் தனியாகவும் வாரைத் தனியாகவும் வைக்க வேண்டும். நான் நாடு திரும்பும்போது வாரை மட்டும் நினைவுக்காகக் கொண்டுவந்து அலமாரியில் தொங்கவிட்டேன். ஒரு மாதத்தில் அதன்மேல் பச்சையாகப் பூஞ்சணம். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, காட்டில் கெடாதது யீஷூனில் கெட்டுவிட்டதே என்றார். நீங்கள் தைத்து முடித்ததும் மெழுகு ஏற்றி, பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டே வையுங்கள். இணைப்புக்குத் திருகாணி போடுவதாக இருந்தால் மரையில் ஒரு துளி நகப்பூச்சு தடவுங்கள். நடக்க நடக்க அவை கழன்று விழும், விழும் சத்தம்கூடக் கேட்காது.

இரும்புப் பாகங்கள் எதையும் இங்கே வரவழைக்காதீர்கள். கிளாம்ப், பட்டை, குமிழ் எல்லாம் அத்தான் அங்கேயே வாங்கட்டும். நீங்கள் தோலை மட்டும் எடுத்துப் போங்கள். 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் எவ்வளவு கடுமை என்பது உங்களுக்குத் தெரியும். 2021-இல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது. கைத்துப்பாக்கி வடிவத்தில் செய்த சிகரெட் லைட்டரையே உள்ளே விடாத ஊர் இது. திரும்பி வரும்போது ஜாக்கெட் பைகளையும் முதுகுப்பையின் அடியையும் கவிழ்த்து உதறுங்கள். சுடுதளத்துக்குப் போன பையில் ஒரு தோட்டா உருண்டு கிடப்பது மிகச் சாதாரணம். அதைச் சாங்கி விமான நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரம் கண்டுபிடிப்பது சாதாரணமாக இருக்காது.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை. இடப்பக்கத்துப் படம் ஒன்றும், முன்கட்டை முடியும் இடத்தில் குழலையும் குழாயையும் சேர்த்து ஒரு நூலால் சுற்றி அளந்த அளவும் கிடைத்தால், சுருக்குக்கு எத்தனை சென்டிமீட்டர் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். நூலை இறுக்காமல் அளக்கச் சொல்லுங்கள்.